சறுக்கு மலையில் யார் பொறுப்பு?

1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்டோ என்னும் ஊரையடுத்த மான்ஸ்ஃபீல்டு மலையின் சரிவொன்றில், சார்லஸ் மைனட் டோல் என்பவர் கணுக்கால் முறிந்து பனியிற் கிடந்தார். நியூயார்க் நகரில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த அவர், விடுமுறைக்குப் பனிச்சறுக்கு விளையாட வந்தவர். உதவிக்கு ஆளில்லை, தூக்கிச் செல்லக் கட்டிலும் இல்லை. நண்பர் ஃபிராங்க் எட்சனும் உடன் வந்தோரும் ஒரு தகரக் கூரைத் துண்டைத் தேடிக் கொணர்ந்து, அதன்மேல் அவரைக் கிடத்தி, அடிவாரம் வரை கொண்டுவந்து சேர்த்தனர். ஏறக்குறைய இரண்டு திங்கள் சென்றன. அதே எட்சன், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த சறுக்குப் பந்தயமொன்றில் அடிபட்டு உயிர் துறந்தார்.

நண்பனை இழந்த டோல் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. இவ்விளையாட்டில் எத்தனை பேர் அடிபடுகிறார்கள், எவ்விடத்தில், எக்காரணத்தால் என்று கண்டறிய முற்பட்டார். சறுக்கு வீரர்களுக்கு வினாத்தாள் அனுப்பினார். வந்த மறுமொழிகளுட் பல ஏளனமாகவே இருந்தன. கோழைகள் என்றும், விளையாட்டின் இன்பத்தைக் கெடுப்பவர்கள் என்றும், தாய்மார்களை அச்சுறுத்துபவர்கள் என்றும் அவரையும் அவர் குழுவினரையும் எள்ளினர். ஆயினும் அம்முயற்சியின் பயனாக 1938இல் தேசியச் சறுக்குக் காவற்படை தோன்றியது. மலைச்சரிவில் அடிபட்டுக் கிடப்பவனை மீட்க ஆள் வந்துவிட்டது. ஆனால் டோல் முதலிற் கேட்ட கேள்வி, அதாவது எத்தனை பேர், எங்கே, எதனால் என்னும் கேள்வி, பல மலைகளில் இன்றளவும் முழு விடை பெறவில்லை. அக்கேள்வியின் வரலாற்றையே இன்று மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பனி என்றால் மார்கழி வைகறையிற் புல்நுனியில் நிற்கும் துளியைத்தான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுவோம். ஆல்ப்ஸ் மலையிலும் ராக்கி மலையிலும் அது ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து கிடக்கும். நீண்ட பட்டைகள் இரண்டைக் கால்களிற் பூட்டிக்கொண்டு அப்பனியின்மீது வழுக்கிச் செல்வது நார்வே முதலிய வடநாடுகளில் மிகப் பழைய வழக்கம். பழைய நாளில் சறுக்க விரும்பியவன் முதலில் மலைமீது நடந்து ஏறினான். அரைப்பொழுது ஏறுவான்; சில நிமிடங்களில் இறங்குவான். வீண் உழைப்பாகத் தோன்றும் அந்த ஏற்றத்தில் ஒரு நன்மை இருந்தது. எங்கே பாறை, எங்கே பள்ளம், எங்கே காலடியிற் பனி வெற்றோசை எழுப்புகிறது என்பதை ஏறும்போதே அவன் கால்கள் அறிந்துகொண்டன. மலையைப் பற்றிய அறிவு அவனுடையதாகவே இருந்தது.

1936இன் இறுதியில் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலி என்னுமிடத்தில் யூனியன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தார் ஒரு புதுமையைச் செய்தனர். கப்பலில் வாழைக்குலைகளை ஏற்றுவதற்கான கொக்கிப் பொறியை அமைப்பதில் முன்பு ஈடுபட்டிருந்த ஜேம்ஸ் கரன் என்னும் பொறியாளர், அக்கொக்கிகளுக்குப் பதிலாக நாற்காலிகளைக் கம்பிவடத்திலே தொங்கவிட்டு, மனிதரை மலையுச்சிக்கு ஏற்றலாம் என்று கண்டார். பழனியில் ரோப் காரில் ஏறியவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வாழைக்குலை ஏறிய வழியில் மனிதன் ஏறத் தொடங்கினான் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அன்று தொட்டு மலை ஒரு வணிக இடமாயிற்று. சீட்டு விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என இரு கட்சியினர் தோன்றினர். சீட்டு வாங்கியவன், தன் கால் ஒருமுறையேனும் தொட்டறியாத சரிவின் உச்சியில் இறக்கிவிடப்பட்டான். மலையைப் பற்றிய அறிவு ஏறுபவன் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. பின்னாளில் எழுந்த வழக்குகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

டோல் கால் முறிந்து கிடந்த அதே மான்ஸ்ஃபீல்டு மலையிலேயே முதற் பெரும் வழக்கும் பிறந்தது. சறுக்கிக்கொண்டு வந்த பெண்மணி ஒருவர், பனி மூடியிருந்த மரக்கட்டை ஒன்றில் மோதிக் காயமுற்றார். மலையேற்றும் நிறுவனத்தின்மீது நஷ்ட ஈடு கோரி அவர் தொடுத்த வழக்கில் 1951இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டிலே இயல்பாய் அமைந்த இடர்களை, அவ்விளையாட்டில் இறங்குபவர் தாமே ஏற்றுக்கொண்டவராவார் என்றது தீர்ப்பு. விரும்பி ஏற்றவனுக்குத் தீங்கிழைத்ததாகாது என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் சட்டக் கோட்பாடு. அதனை 1929இலேயே நீதிபதி கார்டோசோ நியூயார்க்கில் ஒரு கேளிக்கைப் பூங்கா வழக்கில் எடுத்தாண்டு, அஞ்சுகிறவர் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அப்பூங்காவின் ஆட்டப் பலகையில் ஏறியவர்கள் விழுவதை, வெளியே நின்ற எவரும் பார்க்க முடிந்தது; விழுவதே அங்கே வேடிக்கை. மான்ஸ்ஃபீல்டு மலையில் மரக்கட்டையோ பனிக்குள் மறைந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்த இடரையும் தெரியாத இடரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று மாணவர்கள் கேட்பீர்களாயின், அது நல்ல கேள்வியே. விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அதே 1951ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைநாடுகளில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்திற் பனிச்சரிவுகள் ஊர் ஊராகப் புதைத்தன. ஸ்விட்ஸர்லாந்தில் மட்டும் 98 பேர் மாண்டனர். அந்நாட்டில் பனியை ஆராயும் அறிவியலாளர் அதற்கு முன்பே இருந்தனர். 1936 முதல் டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள வைஸ்ஃப்ளூயோக் என்னும் உயரிடத்தில் ஆராய்ச்சி நடந்துவந்தது. 1945இல் இராணுவத்திடமிருந்து பனிச்சரிவு எச்சரிக்கைப் பணியையும் அந்நிலையமே ஏற்றது. ஆயினும் வீடு கட்டுவோர் எங்கும் கட்டினர். 1951இன் துயருக்குப் பின்னரே இடர்நிலப் படங்கள் வரையும் வழக்கம் வலுப்பெற்றது. கட்டவே கூடாத நிலத்துக்குச் சிவப்பு, உறுதியான சுவர் எழுப்பிக் கட்டத்தக்க நிலத்துக்கு நீலம் என வண்ணமிட்டு, அப்படங்களை ஊர்மன்றங்கள் சட்டமாக ஏற்றன. நிலத்தின் விலை வீழ்ந்தவர்கள் முணுமுணுக்காமல் இருந்திருப்பார்களா? படங்கள் மட்டும் மறைக்கப்படவில்லை. 1999இல் அதற்கு நிகரான பெரும்பனி மீண்டும் பொழிந்தபோது, மலையூர்களில் மக்கள் பன்மடங்கு பெருகியிருந்தும், ஸ்விட்ஸர்லாந்தில் அப்பனியால் இறந்தோர் 17 பேர்.

பிரான்சு நாடு இப்பாடத்தைக் காலந்தாழ்ந்து கற்றது. 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் காலை, வால் டிசேர் என்னும் சறுக்கு ஊரில், விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் இளைஞர்கள் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தனர். எதிர்மலையிலிருந்து புறப்பட்ட பனிச்சரிவு ஆற்றைக் கடந்து வந்து, சன்னல்களை உடைத்துக்கொண்டு அக்கூடத்தை நிரப்பிற்று. 39 பேர் மடிந்தனர். சறுக்கும்போது அல்லர், துணிந்து இடரில் இறங்கியும் அல்லர்; கையில் ரொட்டியோடு மேசைமுன் இருந்தவர்கள். நாடு கொதித்தது. மறு ஆண்டே பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென ஒரு தேசியச் சங்கம் கிரனோபிள் நகரில் நிறுவப்பட்டது. பனிச்சரிவு வந்த இடங்களையெல்லாம் குறிக்கும் நிலப்படத் தொகுதியும் தொடங்கப்பெற்றது. அப்படங்களை வரைந்தவர்கள் வானிலிருந்து எடுத்த புகைப்படங்களையும் பழைய ஏடுகளையும் மட்டும் நம்பவில்லை; ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் கேட்டு எழுதிக்கொண்டனர். பாட்டனார் காலத்தில் சரிவு எதுவரை வந்தது என்பதை அவர்களே அறிவார்கள். வரலாறு என்பது அரசர் போர்களின் அட்டவணை என்று எண்ணும் மாணவர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். ஒரு கிழவியின் நினைவு, ஒரு வீட்டின் கடைக்கால் எங்கே அமையவேண்டும் என்று தீர்மானித்தது.

ஆனால் படம் இருந்தால் மட்டும் போதாது. 1999 பிப்ரவரி 9ஆம் நாள் ஷாமொனி பள்ளத்தாக்கிலுள்ள மோன்ட்ரோக் என்னும் சிற்றூரை ஒரு பனிச்சரிவு தாக்கி 12 பேரைக் கொன்றது. ஊர்த்தலைவர், வீடுகளைக் காலி செய்யுமாறு ஆணையிடாத குற்றத்துக்காக 2003இல் மூன்று திங்கள் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். அவர்மீது பரிவு கொண்டோரும் பலர். எனக்கும் அப்பரிவு உண்டு. எனினும், அறியும் பொறுப்பும் அறிவிக்கும் பொறுப்பும் ஒருவர் தலைமேல் உள்ளன என்று சட்டம் அங்கே வெளிப்படையாகக் கூறிவிட்டது.

இனி வெர்மான்டுக்குத் திரும்புவோம். 1974 பிப்ரவரியில், ஸ்டிராட்டன் மலையில், புதிதாகக் கற்போருக்கென ஒதுக்கப்பட்ட எளிய தடத்தில், 21 வயது இளைஞர் ஒருவர் விரைந்து நடப்பவனின் வேகத்தில் சறுக்கிச் சென்றார். பனியில் மறைந்திருந்த சிறு புதரொன்று அவர் காற்பட்டையைப் பற்றிக்கொண்டது. விழுந்தவர் கைகால் நான்கும் செயலற்றவரானார். நீதிமன்றத்தில் நிறுவனத்தார் பழைய 1951 தீர்ப்பையே கேடயமாகப் பிடித்தனர். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களே பெரும் பொறிகளை வாங்கித் தடங்களைச் சீர்செய்திருந்தனர். எங்கள் தடங்கள் நேர்த்தியாகப் பேணப்படுகின்றன என்று விளம்பரமும் செய்திருந்தனர். அவ்விளம்பரமே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று. விளையாட்டின் இயல்பான இடர் எது என்பது காலத்தோடு மாறும். 1951இல் தவிர்க்க இயலாததாயிருந்தது இன்று தவிர்க்கத்தக்கது என்று கூறி, ஜூரிகள் அளித்த 15 லட்சம் டாலர் நஷ்ட ஈட்டை வெர்மான்ட் உச்சநீதிமன்றம் 1978இல் உறுதிசெய்தது.

தீர்ப்பைக் கேட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் கலங்கின. மலை நிறுவனங்கள் சட்டமன்றத்தை நாடின. அதே 1978இல், வெளிப்படையானதும் தவிர்க்க இயலாததுமான இடர்களை விளையாடுபவரே ஏற்கிறார் என்று வெர்மான்ட் மாநிலம் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு கொலராடோ மாநிலம் சறுக்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1990இல் அதனைத் திருத்தி, பனியின் நிலை, பாறை, மரம், வானிலை மாற்றம் என இயல்பான இடர்களை ஒரு பட்டியலாகவே சேர்த்தது. நியாயமாகச் சொன்னால், அச்சட்டம் நிறுவனங்களுக்கும் சில கடமைகளை விதித்தது. தடங்களின் கடுமையைப் பலகையிற் குறிக்க வேண்டும். எளிய தடத்துக்குப் பச்சை வட்டம், இடைத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினமானதற்குக் கருவைரம் என்னும் குறிகள் 1968 முதல் அமெரிக்க மலைகளில் வழக்கிலுள்ளன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அக்குறிகள் அந்தந்த மலைக்குள் மட்டுமே ஒப்பு நோக்கத்தக்கவை. ஒரு மலையின் நீலம் மற்றொரு மலையின் கருமையாக இருக்கக்கூடும்.

இப்பட்டியலின் எல்லை எதுவரை என்பது 2016இல் தெரிந்தது. 2012 ஜனவரியில் கொலராடோவின் வின்டர் பார்க் மலையில், எல்லைக்கு உள்ளேயே, திறந்திருந்த சரிவொன்றில் சறுக்கிய ஒருவரைப் பனிச்சரிவு புதைத்துக் கொன்றது. மாநிலத்துப் பனிச்சரிவு எச்சரிக்கை நிலையம் அந்நாட்களில் இடர் மிகுந்துள்ளதாக அறிவித்திருந்தது. அவ்விடத்தை மூடவுமில்லை, எச்சரிக்கைப் பலகை வைக்கவுமில்லை என்று மனைவி வழக்காடினார். பனிச்சரிவு என்னும் சொல் சட்டத்தின் பட்டியலில் இல்லை. ஆயினும் பனியின் நிலை மாறுவது என்பதற்குள் அதுவும் அடங்கும் என்று மாநில உச்சநீதிமன்றத்துப் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். நீதிபதிகள் இருவர் உடன்படவில்லை. அடங்குவது இலக்கண முறைப்படி சரியாக இருக்கலாம். சீட்டு வாங்குபவனின் உள்ளத்தில் அது அடங்கியிருந்ததா என்பதே என் ஐயம்.

இங்கேதான் டோலின் பழைய கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது. ஓர் இடரை ஒருவன் ஏற்றுக்கொண்டான் என்று சொல்லவேண்டுமாயின், அதன் அளவு அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அமெரிக்காவில் ஆண்டுதோறும் சறுக்கு மலைகளில் ஏறக்குறைய 40 பேர் இறக்கின்றனர் என்று அந்நாட்டு மலை நிறுவனங்களின் சங்கமே தொகையாக வெளியிடுகிறது. கோடிக்கணக்கான வருகைகளோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஆனால் எந்த மலையில், எந்தத் தடத்தில், எத்தனை பேர் என்னும் கணக்கு பொதுமக்களுக்கு அளிக்கப்படுவதில்லை. கொலராடோவின் பெரிய சறுக்கு மலைகளிற் பல, நாட்டுக்குச் சொந்தமான காட்டு நிலத்தில் அனுமதி பெற்று நடப்பவை என்பதையும் நினைவிற் கொள்க. காப்பு எல்லைக்கு வெளியே, காட்டில், ஒருவன் பனிச்சரிவில் இறந்தால் அதே மாநிலத்து எச்சரிக்கை நிலையம் அதன் காரணங்களை ஆராய்ந்து விரிவான அறிக்கை வெளியிடுகிறது. சீட்டு வாங்கிச் சென்ற மலையில் கம்பத்தில் மோதி இறந்தால் அத்தகைய அறிக்கை கிடைப்பதில்லை.

2006இல் கலிபோர்னியச் சறுக்கு மலையொன்றில் மகளை இழந்த மருத்துவர் ஒருவர், இக்கணக்கைக் கேட்டுப் பல்லாண்டு போராடினார். பாதுகாப்புத் திட்டத்தையும் மரணக் கணக்கையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்னும் மசோதா கலிபோர்னியச் சட்டமன்றத்தில் நிறைவேறியும், 2010இல் ஆளுநர் ஷ்வார்ஸநெகர் அதனை மறுத்துவிட்டார். அவர் 2006இல் சன் வேலியில் சறுக்கும்போது தொடையெலும்பு முறிந்து கிடந்தவர். அடுத்த ஆண்டு வந்த மசோதாவை அடுத்த ஆளுநர் பிரௌனும் மறுத்தார். கொலராடோவில் 2021இல் வந்த இதே போன்ற மசோதா மேலவைக் குழுவிலேயே வீழ்ந்தது.

நிறுவனத்தாரின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய மலைக்கு மிகுதியான மக்கள் வருவர்; ஆகவே வெறும் எண்ணிக்கை அதனைக் கொடிய மலையாகக் காட்டும். ஓராண்டில் ஒருவரும், மறு ஆண்டில் மூவரும் இறந்தால், அது மும்மடங்கு இடரைக் குறிக்காது. பெரும்பாலான விபத்துக்கள் சறுக்குபவனின் வேகத்தாலும் கவனமின்மையாலும் நேர்பவை. இவை பொய்யல்ல. 1967இல் பெய்ரூட் நகரிற் கூடிய பன்னாட்டுச் சறுக்குக் கழகம் வகுத்த பத்து நடத்தை விதிகளில், பின்னால் வருபவனே முன்னால் செல்பவனுக்கு இடையூறின்றி வழி தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் ஒன்று. அதனை மீறுவோர் எண்ணற்றோர். ஆனால் கணக்கைத் தவறாகப் படிப்பார்கள் என்பதற்காகக் கணக்கையே மறைப்பது, பையன் பெருக்கலைத் தவறாகப் போடுவான் என்று வாய்பாட்டை ஒளித்துவைப்பது போன்றது.

மேலும், கவனத்தால் தவிர்க்க இயலாத இடரும் உண்டு. அது பொறியின் இடர். 2000 நவம்பர் 11ஆம் நாள் ஆஸ்திரியாவின் கப்ரூன் மலையில், சறுக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற சுரங்க ரயில், ஓட்டுநர் அறையிலிருந்த காற்றுச் சூடாக்கியினால் தீப்பற்றி 155 பேரை மாய்த்தது. குற்றம் சாட்டப்பட்ட 16 பேரும் 2004இல் விடுதலையாயினர். 2021 மே மாதத்தில் இத்தாலியின் மொத்தரோனே மலையில் கம்பிவடம் அறுந்தது. அறுந்தால் ஊர்தியைப் பிடித்து நிறுத்தவேண்டிய தடையோ, அடிக்கடி தானே பற்றிக்கொள்கிறது என்பதற்காக வேண்டுமென்றே செயலறச் செய்யப்பட்டிருந்தது. 14 பேர் மடிந்தனர். நம் நாட்டுக் குல்மார்க்கிலும் 2017 ஜூனில் மரம் விழுந்து கம்பிவட ஊர்தியிலிருந்த எழுவர் உயிரிழந்தனர். இருக்கையில் அமர்ந்தவன் எந்த இடரைத் தானே தேர்ந்தெடுத்தான்?

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லுமுன் பெற்றோரிடம் ஒப்புதற் கடிதம் வாங்குவது வழக்கம். போகும் ஊர், புறப்படும் நேரம், கட்டணம் யாவும் அதில் இருக்கும். என்ன நேரினும் பள்ளி பொறுப்பன்று என்னும் வரியும் இருக்கும். அங்கேயுள்ள அருவியின் தடாகம் எவ்வளவு ஆழம், முன்பு அதில் யாரேனும் மூழ்கியதுண்டா என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. ஒரு தந்தை, கடிதத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, "ஐயா, இதில் எழுதியிருப்பது உங்களுக்கு வேண்டியதுதானே, எனக்கு வேண்டியது எங்கே?" என்று கேட்டார். நல்லவேளையாக அன்று விபத்து ஏதும் நேரவில்லை. அவர் கேள்விக்கு நான் சொன்ன விடை எனக்கு நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அது விடையாக இருந்திராது.

அத்தகைய கடிதம் ஒன்றைப் பற்றியதே கொலராடோவின் அண்மைப் பெருவழக்கும். 2022 மார்ச் மாதத்தில் கிரெஸ்டட் பியூட் மலையில் 16 வயதுப் பெண்ணொருத்தி நாற்காலி ஊர்தியில் சரியாக அமர இயலாமல் தொங்கி, உயரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து கைகால் செயலற்றவளானாள். ஊர்தியை நிறுத்துமாறு கீழே நின்றவர்கள் கூவியும் நிறுத்தவில்லை என்பது தந்தையின் வழக்கு. சீட்டு வாங்கும்போதே, நிறுவனம் பொறுப்பன்று என்னும் உடன்படிக்கைக்கு அவர் இசைந்திருந்தார். 2024 மே மாதத்தில் மாநில உச்சநீதிமன்றம் ஒரு கோட்டைக் கிழித்தது: பொதுவான கவனக்குறைவுக்கான உரிமையைத் தந்தை எழுதிக் கொடுத்துவிட்டிருக்கலாம்; ஆனால் சறுக்குப் பாதுகாப்புச் சட்டமும் பயணிகள் கம்பிவட ஊர்திச் சட்டமும் நிறுவனத்தின்மீது சுமத்திய கடமைகளை எந்த உடன்படிக்கையாலும் துடைத்தெறிய இயலாது. அவ்வளவில் வழக்கு விசாரணைக்காகக் கீழ்மன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.